பாதி தெரிந்த பாடம்: நீட் உயிரியலில் நான் பட்டதும் படித்ததும்

2024 மே 5. தேர்வு மையத்தின் கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடியில் அப்பா நின்றிருந்தார். "எப்படி கண்ணு இருந்துச்சு?" என்று கேட்டார். "பிசிக்ஸ் கஷ்டம்ப்பா. ஆனா பயாலஜி 300-க்குக் குறையாது" என்றேன். பஸ்ஸில் ஆத்தூர் வந்து சேரும்வரை அந்த 300-ஐ வைத்துத்தான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதக் கடைசியில் விடைக்குறிப்பும் என் ஓஎம்ஆர் தாளின் நகலும் இணையத்தில் வந்தன. தம்பி விடையை வாசிக்க, நான் டிக் அடித்தேன். 58 சரி, 27 தவறு, 5 விட்டுவிட்டது. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்று பார்த்தால் 205. மொத்தம் 720 மதிப்பெண்ணில் சரிபாதி, அதாவது 360, உயிரியலுக்கு. என் கணக்கில் பெரிய ஓட்டை விழுந்தது இயற்பியலில் இல்லை, நான் நம்பியிருந்த இடத்திலேயே.

நான் அரசுப் பள்ளி, தமிழ்வழி. பத்தாம் வகுப்பிலிருந்தே உயிரியலில் முதல் மதிப்பெண். தாவரவியலும் விலங்கியலும் பக்கம் பக்கமாக ஒப்பிப்பேன். அதனால் அந்த 27 தவறுகளும் 'கவனக்குறைவு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வாரம் அழுது முடித்தபின், அந்தக் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றும் ஏன் தவறியது என்று பக்கத்தில் குறித்தேன். உண்மையிலேயே தெரியாதவை ஏழு. 'தவறானது எது' என்று கேட்டதை 'சரியானது எது' என்று படித்தவை, பொருத்துக-வில் அவசரப்பட்டவை எட்டு. மீதி பன்னிரண்டும் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். இரண்டு விடைகள்வரை வந்து நின்று, அதில் தவறானதைத் தொட்டவை. இரண்டாவது முயற்சிக்கான திட்டம் முழுவதும் அந்தப் பன்னிரண்டிலிருந்துதான் வந்தது.

ஒன்றைச் சொல்கிறேன். இனச்செல்கள் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில், ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம், அதாவது கிராஸிங் ஓவர், எந்த நிலையில் நடக்கிறது? நான் டிப்ளோட்டீன் என்று நினைத்திருந்தேன். காரணம், அந்தப் பரிமாற்றத்தின் குறுக்குத் தடமான கயாஸ்மா டிப்ளோட்டீனில் தெரியும் என்று படித்த ஞாபகம். ஞாபகம் சரிதான். ஆனால் பரிமாற்றம் நடந்து முடிவது அதற்கு முந்தைய நிலையான பாக்கிட்டீனில். ஜோடிக் குரோமோசோம்கள் விலகத் தொடங்கும்போது, நடந்ததன் தடம் கண்ணுக்குத் தெரிவது டிப்ளோட்டீனில். எங்கள் விலங்கியல் மிஸ்ஸிடம் போய்க் கேட்டபோது, "கல்யாணம் நடந்தது ஒரு நாள், ஆல்பம் வந்தது இன்னொரு நாள். நீ ஆல்பம் வந்த தேதியைக் கல்யாணத் தேதின்னு எழுதியிருக்கே" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அது மறக்கவேயில்லை.

இன்னொன்று, செல் பகுப்புக்கு முந்தைய எஸ் நிலையில் டிஎன்ஏ இரட்டிப்பது. டிஎன்ஏ-வின் அளவு 2சி என்பது 4சி ஆகும். குரோமோசோம் எண்ணிக்கை? 2என் அப்படியே இருக்கும். நான் 4என் என்று குறித்திருந்தேன். "தலையை எண்ணு, கையை எண்ணாதே" என்பது மிஸ் சொன்ன வழி. குரோமோசோமின் இழைகளை (குரோமாட்டிட்) பிடித்திருக்கும் முடிச்சான சென்ட்ரோமியர்தான் தலை. ஒரு சென்ட்ரோமியரில் இரண்டு குரோமாட்டிட் தொங்கினாலும் ஒரு குரோமோசோம்தான். இந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் செல் பகுப்புப் பாடத்தில் கணக்குப் போலக் கேட்கும் கேள்விகளில் பாதி தானாக விழுந்துவிடும்.

சரி, இந்தப் பாதி அறிவு எங்கிருந்து வந்தது? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே படித்ததால் வந்தது. பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று அடிக்கோடு போட்டுப் போட்டு, கடைசியில் கோடு போடாத வரியே இல்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன். அந்தப் பேனாக்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலையில் தொடங்கிய முறை இதுதான்: பாடத்தை ஒரு முறை படிப்பேன். புத்தகத்தை மூடி அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் நீல மையில் எழுதுவேன், படங்களையும் சேர்த்து. பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் சேர்ப்பேன். செல் பகுப்புக்கு முதல் நாள் எழுதியது அரைப்பக்கம். பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்தவளின் அரைப்பக்கம்! மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து, ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே வெள்ளைத்தாள். நான்காவது முறை சிவப்பு நாலைந்து வரிக்குள் வந்துவிடும். அந்த நாலைந்து வரியைத்தான் தேர்வுக்கு முந்தைய வாரம் படித்தேன். மொத்தப் புத்தகத்தை இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இது மெதுவான வேலை. மத்தியப் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி-யின் இப்போதைய புத்தகங்களில் 11-ல் 19 பாடம், 12-ல் 13 பாடம், ஆக 32. ஒரு பாடத்துக்கு நான்கு தாள் என்றால் 128 அமர்வு. நடுவில் ஒரு மாதம் டைஃபாய்டில் போனது. சூழ்நிலையியல் பாடங்களுக்கு இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். அதன் விலையைத் தேர்வில் கொடுத்தேன், அது வேறு கதை.

தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. வினாக்கள் பெரும்பாலும் என்சிஇஆர்டி வரிகளை ஒட்டியே வருகின்றன. அந்தப் புத்தகம் தமிழில் கிடையாது. நாம் படிப்பது சமச்சீர்ப் புத்தகம். இரண்டிலும் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் எடுத்துக்காட்டுகள் மாறும், சொல்லும் விதம் மாறும். முதல் முயற்சியில் நான் சமச்சீர் மட்டும் படித்தேன், வினாத்தாளில் தமிழ்ப் பகுதியை மட்டும் வாசித்தேன். இரண்டுமே தவறு. தமிழ்வழி வினாத்தாளில் இரண்டு மொழியும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கருணையாகத் தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நியாயம் யார் பக்கம் என்று நான் பேசப் போவதில்லை. தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நீதிமன்றம் துணைக்கு வராது, ஆங்கில வரியைப் படிக்கத் தெரிந்திருந்தால் அது வரும்.

அதனால் ஒரு நீள நோட்டில் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதத் தொடங்கினேன். கருவூண் திசு, எண்டோஸ்பெர்ம். சூலகமுடி, ஸ்டிக்மா. இலைத்துளை, ஸ்டொமேட்டா. முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. முட்தோலிகள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள், வளைதசைப்புழுக்கள் என்று விலங்குத் தொகுதிகளின் பெயர்களைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பெயரே பண்பைச் சொல்லிவிடுகிறது. கணுக்காலி என்றால் கால் கணுக்கணுவாக இருக்கும், முட்தோலி என்றால் தோலில் முள் இருக்கும். ஆங்கிலவழித் தோழி எக்கினோடெர்மேட்டாவையும் அதன் பண்பையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றைப் படித்தால் இரண்டு. தமிழ்வழியில் படித்ததை அதுவரை ஒரு குறையாகவே நினைத்திருந்தேன். விலங்குலகப் பாடத்தை முடித்த அன்றுதான் அந்த நினைப்பு கொஞ்சம் தளர்ந்தது.

அந்த நோட்டை வைத்துத் தினமும் இரவு என்னைக் கேள்வி கேட்டது தம்பி. எட்டாம் வகுப்பு. ஆங்கிலச் சொற்களை அவன் வாசிக்கும் அழகே தனி. 'டயாகைனசிஸ்' அவன் வாயில் 'டைய கைனாசி' ஆனது. சிரித்துச் சிரித்தே அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. புரியாதவர் கேள்வி கேட்பதில் ஒரு நன்மை உண்டு. "கிட்டத்தட்ட சரி" என்று அவன் விடவே மாட்டான். நோட்டில் உள்ளது அப்படியே வர வேண்டும்.

தாவரவியலில் எனக்குக் கைகொடுத்தது சமையலறை. பூவின் பாகங்கள், காயாக மாறும் சூலகப்பையின் இடம், விதையாகும் சூல்கள் அதனுள் ஒட்டியிருக்கும் விதமான சூல் ஒட்டுமுறை இவற்றையெல்லாம் பட்டியலாகப் படித்து மூன்று முறை மறந்தவள் நான். ஒரு நாள் அம்மா காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கத்தரிக்காயின் பச்சைத் தொப்பி காம்புப் பக்கம் இருக்கிறது. அதுதான் உதிராமல் நிலைத்த புல்லிவட்டம், பூவின் வெளி வட்டம். காய் அதற்கு மேலே வளர்ந்திருக்கிறது. அப்படியென்றால் மேல்மட்டச் சூலகப்பை. கொய்யாவை எடுத்துப் பார்த்தேன். புல்லிவட்டத்தின் காய்ந்த மிச்சம் காம்புக்கு எதிர்ப்பக்கம், உச்சியில் கிரீடம் மாதிரி. அப்படியென்றால் சூலகப்பை பூவுக்குக் கீழே இருந்திருக்கிறது, கீழ்மட்டம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கா புஸ்தகம்? சுரைப்பிஞ்சு நுனியில பூ வாடித் தொங்குறதை நீ பாத்ததில்லையா?" என்றார். வெள்ளரி, சுரை எல்லாம் கீழ்மட்டம் என்பதை அன்றோடு படித்து முடித்தேன்.

அப்புறம் விடவில்லை. தக்காளியைக் குறுக்கே வெட்டினால் விதைகள் நடு அச்சைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, எலுமிச்சையும் அப்படியே: அச்சுச் சூல் ஒட்டுமுறை. பட்டாணித் தோலைப் பிரித்தால் ஒரு விளிம்பில் வரிசையாக. பப்பாளியில் சுவரெல்லாம் விதை. இளநீர் குடிக்கும்போது, அது செல் சுவர் உருவாகாமல் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதக்கும் கருவூண் திசு, உள்ளே இருக்கும் வழுக்கை அதே திசு செல்களாகப் பிரிந்தது என்று சொல்லி அப்பாவின் இளநீரைக் கெடுத்தேன். தேங்காயும் மாங்காயும் ஒரே வகைக் கனி, ட்ரூப். மாங்காயில் நாம் தின்னும் நடு உறை, தேங்காயில் நாராகிவிட்டது. இதை ஒருமுறை மட்டை உரித்துப் பார்த்தவருக்குப் புத்தகம் தேவைப்படாது. 2024-க்கான பாடத்திட்டத்தில் மால்வேசி போன்ற குடும்பங்களையும் சேர்த்திருந்தார்கள்; வாசலில் செம்பருத்தி இருந்ததால் அந்தக் கவலையும் தீர்ந்தது. மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒரே குழாயாக ஒட்டியிருப்பதைப் பிய்த்துப் பார்த்தால் போதும்.

விலங்கியலில் இந்த வித்தை செல்லாது. அங்கே என்னைக் கொன்றவை எண்கள். அதற்கு நான் செய்தது, எண்ணை எண்ணோடு கட்டிப்போட்டது. சிறுநீரகத்தில் நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டப்படுகிறது. நாளுக்கு 1,440 நிமிடம். பெருக்கினால் 1,80,000 மில்லி, அதாவது 180 லிட்டர். இரண்டு எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒன்று போதும். வெளியே வருவது ஒன்றரை லிட்டர் என்றால் மீதி எங்கே போனது என்ற கேள்வியிலிருந்து மறு உறிஞ்சல் வருகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் சுமார் 5 லிட்டர். மனிதச் செல்லில் 660 கோடி இணைக் காரங்கள், இரண்டு இணைகளுக்கு இடையே 0.34 நானோமீட்டர்; பெருக்கினால் சுமார் 2.2 மீட்டர் நீள டிஎன்ஏ. எங்கள் வீட்டு வாசல் நிலையைவிட உயரம் என்று தம்பி அளந்து சொன்னான்.

நினைவுக் குறிப்புச் சொற்கள், அதாவது ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் சேர்த்து வாக்கியமாக்குவது, எனக்கு உதவவில்லை. நாற்பது வாக்கியம் செய்தேன். வாக்கியம் ஞாபகம் இருந்தது, எந்தப் பாடத்துக்கு என்பது மறந்துவிட்டது. சிலருக்கு அது பலிக்கலாம். 'ஒரே நாளில் முழு உயிரியல்' காணொளிகளும் அப்படியே. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், அதுதான் அதன் ஆபத்து.

கூற்று–காரணம் வகைக் கேள்விகளுக்கு ஒரு சின்ன வழி. இரண்டுக்கும் நடுவில் 'ஏனென்றால்' போட்டு வாசித்துப் பார்ப்பேன். "தசை சுருங்கும்போது ஐ பட்டை குறுகுகிறது, ஏனென்றால் ஆக்டின் இழைகள் மயோசின் மேல் சறுக்குகின்றன." ஒட்டுகிறது. "ஐ பட்டை குறுகுகிறது, ஏனென்றால் ஏ பட்டையின் நீளம் மாறுவதில்லை." இரண்டும் உண்மை, ஆனால் ஒட்டவில்லை. 'தவறானது எது' வகைக்கு, கேள்வியில் அந்தச் சொல்லைச் சுற்றி முதலில் வட்டம் போடுவேன். ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் ச அல்லது த எழுதுவேன். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். எட்டு தவறில் ஆறை எனக்கு மீட்டுக் கொடுத்தது அதுதான்.

ஊகித்து எழுதுவதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கணக்கு இதுதான்: ஐந்து ஊகத்தில் ஒன்று சரியானால் 4 வரும், 4 போகும், லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டால்கூட, சராசரியில் கொஞ்சம் லாபம்தான் வர வேண்டும். எனக்கு ஏன் நட்டம் வந்தது? மாதிரித் தேர்வுகளில் சந்தேகமான விடைகளின் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு வைத்து, பிறகு நட்சத்திரங்களை மட்டும் எண்ணினேன். ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. கண்ணை மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்! பாதி தெரிந்தவரை விழவைக்கத்தானே அந்த விடைகளை எழுதுகிறார்கள்; கயாஸ்மா தெரிந்தவர்தான் டிப்ளோட்டீனில் விழுவார். எனவே பிப்ரவரிவரை நட்சத்திரக் கேள்விகளை விட்டேன். வெள்ளைத்தாள்கள் கூடக் கூட நட்சத்திரங்களில் பாதிக்குமேல் சரியாக வரத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் அவற்றை எழுதினேன். உங்கள் ஊகம் எவ்வளவு தேறும் என்று உங்கள் நட்சத்திரங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

பயிற்சி மையத்துக்குப் போக வசதியில்லை. மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் ஓரிடத்தில் பணம் கட்டினேன். அங்கே கொடுத்த விடைக்குறிப்பிலேயே தப்பு இருந்தது; கேட்டால் "அப்படித்தான்" என்றார்கள். அதன்பின் அங்கே கேள்வியை மட்டும் வாங்கிக்கொண்டு, விடையைப் புத்தகத்தில் தேடினேன். தேடியதே ஒரு படிப்பாக அமைந்தது, நன்றி சொல்லத்தான் மனம் வரவில்லை. அதைவிடப் பயன்பட்டவை பழைய நீட் தாள்களும், அதற்கு முந்தைய மருத்துவ நுழைவுத் தேர்வான ஏஐபிஎம்டி தாள்களும். ஆண்டு வாரியாகச் செய்யாமல் பாடவாரியாகப் பிரித்துச் செய்தால், ஒரே கருத்தை எத்தனை கோணத்தில் கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

2025 மே 4. அந்த ஆண்டு முறை மாறியிருந்தது. முந்தைய ஆண்டு 200 கேள்வியில் 180 எழுத வேண்டும், 200 நிமிடம். இப்போது 180 கேள்வி, 180 நிமிடம், விட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. உயிரியல் 90 கேள்வி. அதை முதலில் எடுத்து 50 நிமிடத்தில் முடிப்பது என்று மாதிரித் தேர்வுகளில் பழகியிருந்தேன், 54 ஆனது. இயற்பியல் அன்று எல்லாரையும் அழவைத்தது, அதைப் பற்றி நான் எழுதாமலிருப்பது நல்லது. உயிரியலில் 77 சரி, 9 தவறு, 4 விட்டது: 299. ஒன்பதில் நான்கு, நான் இரண்டு சுற்றோடு நிறுத்திய சூழ்நிலையியல் பாடங்களிலிருந்து. புளிய மரத்தடியில் அப்பாவிடம் சொன்ன 300-க்கு ஒரு வருடம் கழித்தும் ஒன்று குறைவு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பல் மருத்துவம் கிடைத்தது. எம்பிபிஎஸ் வரவில்லையே என்று இரண்டு நாள் முகம் தொங்கியது; மூன்றாம் நாள் அப்பா ஊரெல்லாம் "எம் பொண்ணு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தபின் தொங்கவிட முடியவில்லை.

ஒரு வேடிக்கை. 2024-க்கான பாடத்திட்டத்தைக் குறைத்தபோது நீட்டிலிருந்து எடுத்தவற்றில் செரித்தல் பாடமும் ஒன்று. அப்பாடா, ஒன்று குறைந்தது என்று அந்தப் பாடத்தை நான் அதன்பிறகு தொடவேயில்லை. வெள்ளைத்தாள் எழுதாத ஒரே மனித உடலியல் பாடம் அதுதான். மனிதப் பற்களைப் பற்றி அந்தப் பாடத்தில்தான் வரும்.

கல்லூரி தொடங்கி முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி என் பழைய பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, அந்தப் பாடத்தைத் திறந்து, தாளும் நீலப் பேனாவும் என் முன்னால் வைத்தான். "அக்கா, பல் சூத்திரம் எழுது. புத்தகம் அடுத்த ரூம்ல இருக்கும்."